ஊருக்குப் போகும்போது மெயினை அணைக்காதீர்கள்: ஹீட் பம்பின் வெளிக்குழாயை உறையாமல் காப்பது எப்படி?

டிசம்பர் மாதக் கடைசி. லண்டனிலோ லெஸ்டரிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் ஊருக்குப் புறப்படுகிறது. பொங்கல் முடிந்துதான் திரும்புவார்கள். வாசலில் டாக்சி நிற்கிறது, பெட்டிகள் ஏறிவிட்டன. வீட்டுப் பெரியவர் மட்டும் ஒருமுறை உள்ளே போகிறார். அடுப்பைப் பார்க்கிறார், குழாய்களைத் திருகிப் பார்க்கிறார், ஜன்னல்களைத் தாழிடுகிறார். வெளியே வரும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு நிம்மதியாகக் கதவைப் பூட்டுகிறார்.

நம்மிடம் தலைமுறைகளாக இருக்கும் நல்ல பழக்கம் இது. ஆனால் வீட்டுக்கு வெளியே ஒரு ஹீட் பம்ப் இருந்தால், இந்த ஒரே செயல் பல ஆயிரம் பவுண்ட் மதிப்புள்ள இயந்திரத்தை ஒரே இரவில் உடைத்துவிடக்கூடும். காரணம் எளிது. அந்த இயந்திரத்துக்குள்ளும் அதற்குப் போகும் குழாய்களிலும் தண்ணீர் இருக்கிறது. மின்சாரம் இருக்கும்வரை அந்தத் தண்ணீரை உறையவிடாமல் இயந்திரமே பார்த்துக்கொள்ளும். மின்சாரம் போய்விட்டால் அதைக் காக்க யாருமில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எரிவாயு பாய்லரைக் கழற்றிவிட்டுக் காற்று ஹீட் பம்ப் பொருத்துவோருக்கு அரசு 7,500 பவுண்ட் மானியம் தருகிறது. 2022இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 5,000 பவுண்டாக இருந்த தொகை 2023 அக்டோபரில் உயர்த்தப்பட்டது. நம்மவர்கள் வீடுகளிலும் இந்தப் பெட்டிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. வெப்பநாட்டில் பிறந்து வளர்ந்த நமக்குக் குழாய் உறைவது கண்ணால் கண்ட அனுபவம் அல்ல. அதனால்தான் அடிப்படையிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளியே இருப்பது தண்ணீரா, கேஸா?

நம் ஊரின் ஸ்பிளிட் ஏசியை எல்லோரும் பார்த்திருப்போம். வெளிப்பெட்டிக்கும் உள்பெட்டிக்கும் இடையே இரண்டு மெல்லிய செப்புக் குழாய்கள் போகும். அவற்றில் ஓடுவது குளிரூட்டும் கேஸ், தண்ணீர் அல்ல. எந்தக் குளிர்காலத்திலும் அது உறையாது. நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இதே ஏசி மாதிரி, வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து அறைக்காற்றுக்குக் கொடுப்பவை. ஆகவே இந்தக் கட்டுரையில் பேசப்போகும் கவலை அந்த வீடுகளுக்கு இல்லை.

பிரிட்டனின் வழி வேறு. அங்கே வீடுகளைச் சூடாக்குவது ரேடியேட்டர்களில் ஓடும் வெந்நீர். ஆகவே ஹீட் பம்பும் தண்ணீரைத்தான் சூடாக்க வேண்டும். அங்கே பொருத்தப்படுபவற்றில் பெரும்பாலானவை மோனோபிளாக் வகை. கம்பிரஸர், கேஸ், அந்தக் கேஸின் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் பகுதி எல்லாம் வெளிப்பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். கேஸ் சுற்று தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிடப்பட்டு வருவதால், பொருத்துபவர் கேஸைத் தொட வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாய்களை இணைத்தால் போதும். இதுவே அதன் பெரிய வசதி.

அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. வீட்டின் ரேடியேட்டர் தண்ணீர் சுவரைத் தாண்டி வெளியே போய், பெட்டிக்குள் சுற்றி, மறுபடி உள்ளே வருகிறது. பனிக்கால இரவிலும் அந்தத் தண்ணீர் வெளியேதான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை? வெளிப்பெட்டியிலிருந்து சுவருக்குள் போகும் குழாய்களைப் பாருங்கள். ஏசியில் வருவது போல மெல்லிய இரண்டு குழாய்களா? அது ஸ்பிளிட். கறுப்பு ரப்பர் சுற்றிய, கைப்பிடியளவு தடித்த இரண்டு குழாய்களா? அது மோனோபிளாக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். பொருத்தியவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்பிளிட் என்றால் உங்கள் கவலை பெருமளவு குறைந்தது. மோனோபிளாக் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

உறையும் தண்ணீர் ஏன் உடைக்கிறது?

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீர் 4 டிகிரி வரைதான் அப்படிச் சுருங்கும். அதற்குக் கீழே மெல்ல விரியத் தொடங்கும். 0 டிகிரியில் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடிவிடும். 100 மில்லி தண்ணீர் 109 மில்லி இடம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரமாக இருந்தால் மேலே உப்பிக்கொள்ளும். மூடிய குழாய்க்குள் அந்த 9 மில்லிக்கு இடமில்லை.

பனிக்கட்டி குழாய்ச் சுவரைத் தள்ளி உடைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்பாக உருவாகிறது. அது வளர வளர, அடைப்புக்கும் மூடிய வால்வுக்கும் நடுவில் சிக்கிய தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், இருப்பதிலேயே பலவீனமான இடத்தில் குழாய் வெடித்துவிடுகிறது. உறைந்தது ஓரிடம், வெடித்தது வேறிடம் என்று ஆவதற்குக் காரணம் இதுதான். வெடித்த உடனே தெரியவும் தெரியாது. பனிக்கட்டியே அடைப்பானாக நின்று காத்துக்கொண்டிருக்கும். வெயில் வந்து உருகும்போதுதான் ஒழுகும்.

வெளிக்குழாய் வெடித்தால் பிளம்பர் வந்து மாற்றிவிடலாம். பெரிய ஆபத்து பெட்டிக்குள் இருக்கிறது. கேஸின் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் பகுதி, மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி ஒட்டிய ஒரு சிறு கட்டு. தகடுகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிகள். ஓர் இடைவெளியில் தண்ணீர், அடுத்ததில் கேஸ், மறுபடி தண்ணீர் என்று மாறி மாறி ஓடும். அந்தத் தண்ணீர் உறைந்தால் தகடு வளைந்து கிழியும். கிழிந்த இடத்தின் வழியே தண்ணீர் கேஸ் சுற்றுக்குள் புகுந்து கம்பிரஸர் வரை போகும். கேஸ் ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும். இதைப் பழுது பார்ப்பதைவிடப் பெட்டியையே மாற்றுவது மலிவாக முடியலாம்.

புதிய ஹீட் பம்ப்கள் பலவற்றில் ஆர்-290 என்ற கேஸ் இருக்கிறது. அது வேறொன்றுமல்ல, புரொப்பேன். தீப்பற்றக்கூடியது. அது தண்ணீர் வழியாக வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக, இத்தகைய பெட்டிகளில் கேஸைப் பிரித்து வெளியிலேயே விட்டுவிடும் அமைப்பு வைக்கப்படுகிறது. ஆகவே உறையாமல் காப்பதில் பணத்தோடு வீட்டின் பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது.

முதல் காவல்: இயந்திரமே செய்வது

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். ஒழுங்காகப் பொருத்தப்பட்டு மின்சாரம் தடைபடாமல் இருக்கும் ஹீட் பம்ப் உறைவது மிக அரிது. தண்ணீர், காற்று இரண்டின் வெப்பநிலையையும் பெட்டிக்குள் இருக்கும் சென்சார்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். குளிர் ஒரு வரம்பைத் தாண்டினால், நீங்கள் ஹீட்டிங்கை ‘ஆஃப்’ செய்து வைத்திருந்தாலும் பம்ப் தானே ஓடி, வீட்டுக்குள் இருக்கும் இளஞ்சூடான தண்ணீரை வெளியே சுற்றவிடும். அதுவும் போதவில்லையென்றால் கம்பிரஸரையோ மின் ஹீட்டரையோ இயக்கிச் சூடாக்கும்.

இங்கே இரண்டு ‘ஆஃப்’களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் ‘ஆஃப்’ செய்வது இயந்திரத்தைத் தூங்கச் சொல்வது. தூங்கினாலும் ஒரு கண் திறந்திருக்கும். வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஐசொலேட்டர் சுவிட்சையோ மெயின் சுவிட்சையோ அணைப்பது அந்தக் கண்ணையும் மூடிவிடுவது. முதலாவதில் ஆபத்தில்லை. ஆபத்து இரண்டாவதில்தான்.

வேறு சில வழிகளிலும் இந்தக் காவல் தோற்றுப்போகும். தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் வீட்டுக்குள் தனி சுவிட்சில் இருந்து, யாரோ அதை அணைத்திருக்கலாம். பெட்டிக்கு மின்சாரம் இருந்தும் தண்ணீர் நகராது. அல்லது எல்லா அறைகளின் வால்வுகளும் ஒரே நேரத்தில் மூடியிருக்கலாம். பம்ப் ஓடினாலும் தண்ணீர் சுற்றி வரப் பாதை இல்லை. ஏதாவது ஒரு பாதை எப்போதும் திறந்திருக்கும்படி அமைத்திருக்கிறார்களா என்று பொருத்தியவரிடம் கேட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால்?

2021 நவம்பர் 26, 27 தேதிகளில் ஆர்வென் புயல் பிரிட்டனின் வடபகுதியைத் தாக்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது. ஏறக்குறைய 4,000 வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலாகியும் மின்சாரம் வரவில்லை. அதுவும் பனிக்கால வாசலில். ஸ்காட்லாந்து, வடகிழக்கு இங்கிலாந்து கிராமங்களில் மரங்கள் விழுந்து கம்பிகள் அறுந்து கிடந்தன.

மின்வெட்டும் கடுங்குளிரும் பல சமயம் சேர்ந்தே வரும் என்பதுதான் இதில் நாம் படிக்க வேண்டிய பாடம். கம்பியை அறுக்கும் பனிப்புயல்தான் குழாயையும் உறைய வைக்கிறது. எந்தக் காவலர் மிக அவசியமோ, அவர் இல்லாமல் போவதும் அதே இரவில்தான். ஆகவே மோனோபிளாக் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் மின்சாரமே இல்லாமல் வேலை செய்யும் ஒரு பாதுகாப்பு இருந்தாக வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கட்டிய வீடுகளுக்கும் இது பொருந்தும். குளிர்காலத்தில் குழாய்களில் தண்ணீர் நிரப்பிச் சோதித்துவிட்டு, மின் இணைப்புக்காக வாரக்கணக்கில் காத்திருப்பது உண்டு. அந்த இடைக்காலத்தில் வெளிப்பெட்டியில் தண்ணீரை விட்டுவைக்கவே கூடாது.

மின்சாரம் வேண்டாத பாதுகாப்புகள் இரண்டு. ஒன்று கிளைகால், மற்றொன்று உறைகாப்பு வால்வு. அவற்றுக்கு முன் இன்சுலேஷனைப் பார்த்துவிடுவோம். பலர் இன்சுலேஷன் மட்டுமே போதும் என்று நம்புகிறார்கள்.

இன்சுலேஷன்: நேரம் வாங்கித் தருவது

கம்பளி போர்த்திக்கொண்டால் நமக்குச் சூடாக இருப்பது ஏன்? நம் உடல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, கம்பளி அதை வெளியேறவிடாமல் தடுக்கிறது. அதே கம்பளியை ஒரு செம்புத் தண்ணீருக்குப் போர்த்தினால் அது மெதுவாக ஆறும், அவ்வளவுதான். குழாய்க்குப் போடும் இன்சுலேஷனும் அப்படித்தான். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது.

எவ்வளவு தாமதம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 28 மி.மீ. செப்புக் குழாயில் ஒரு மீட்டருக்கு அரை லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர் இருக்கும். தண்ணீர் 35 டிகிரியில் இருக்கும்போது மின்சாரம் போகிறது, வெளியே மைனஸ் 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இன்சுலேஷன் எதுவும் சுற்றாத குழாயில் அந்தத் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் 0 டிகிரிக்கு இறங்கிவிடும். காற்று பலமாக வீசினால் இன்னும் சீக்கிரம். 19 மி.மீ. தடிமனான நல்ல ரப்பர் இன்சுலேஷன் சுற்றியிருந்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும்.

0 டிகிரியைத் தொட்டவுடன் எல்லாம் பனிக்கட்டி ஆகிவிடாது. 0 டிகிரித் தண்ணீர் பனிக்கட்டியாக மாற இன்னும் நிறைய வெப்பம் வெளியேற வேண்டும். 80 டிகிரிச் சூடான தண்ணீர் 0 டிகிரிக்கு ஆறும்போது எவ்வளவு வெப்பம் போகுமோ அவ்வளவு. ஆகவே சுற்றப்பட்ட குழாய் முழுவதும் உறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆனால் முழுவதும் உறைய வேண்டிய அவசியமே இல்லை. இன்சுலேஷன் விட்டுப்போன ஒரு முழங்கை வளைவில், ஒரு வால்வின் தலையில், பெட்டியோடு சேரும் நெகிழ்குழாயின் முனையில், அல்லது பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தகடுகளில் சிறு அடைப்பு உண்டானாலே போதும்.

காற்றைப் பற்றி ஒரு விளக்கம். வானிலை அறிக்கையில் ‘மைனஸ் 3 டிகிரி, ஆனால் மைனஸ் 9 போல உணர்வீர்கள்’ என்பார்கள். அந்த இரண்டாவது எண் மனிதத் தோலுக்கானது. குழாய் ஒருபோதும் காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே அதனால் போகாது. காற்று செய்வதெல்லாம் அந்த நிலைக்கு விரைவாகக் கொண்டுபோவதுதான்.

அப்படியானால் இன்சுலேஷன் அவ்வளவு முக்கியமில்லையா? மிக முக்கியம். சில மணி நேர மின்வெட்டை அது தாங்கிவிடும், பெரும்பாலான மின்வெட்டுகள் அவ்வளவுதான். மற்ற நாள்களிலும் அது பணத்தைச் சேமிக்கிறது. வெளியே 5 டிகிரி இருக்கும்போது 45 டிகிரித் தண்ணீர் ஓடும் வெறுங்குழாய் மீட்டருக்குச் சுமார் 35 வாட் வெப்பத்தைத் தோட்டத்துக்குத் தானம் செய்கிறது. 19 மி.மீ. சுற்றினால் அது 10 வாட்டுக்குள் அடங்கும்.

சுற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாம்பல் நிற ஃபோம் குழாயுறை வீட்டுக்குள் போடுவதற்கானது. வெயில் பட்டால் சில ஆண்டுகளில் பொடியாக உதிரும். வெளியே போட வேண்டியது நீர் புகாத, மூடிய நுண்ணறைகள் கொண்ட கறுப்பு ரப்பர் வகை. அதிலும் வெயிலைத் தாங்கும் பூச்சோ மேலுறையோ இருக்க வேண்டும். தடிமன் 19 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இடம் இருந்தால் அதற்கு மேலும் போடலாம். இணைப்புகளைப் பசையால் ஒட்ட வேண்டும். டேப் மட்டும் சுற்றினால் மழையும் வெயிலும் சேர்ந்து பிரித்துவிடும். சுவருக்குள் நுழையும் துளையிலும் உறை தொடர்ந்து போக வேண்டும். அங்கே ஓர் அங்குல இடைவெளி விட்டால்கூடக் குளிர் அந்த வழியே புகும்.

கிளைகால்: தண்ணீரையே உறையாததாக்குவது

தண்ணீரோடு கிளைகால் என்ற திரவத்தைக் கலந்தால் உறைநிலை கீழே இறங்கும். காரின் ரேடியேட்டரில் ஊற்றுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். காரில் வழக்கமாக இருப்பது எத்திலீன் கிளைகால், அது விஷம். வீட்டு ஹீட்டிங்கில் புரொப்பிலீன் கிளைகாலைத்தான் பயன்படுத்துவார்கள். அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. கார்க் கடையில் வாங்கியதை ஒருபோதும் வீட்டுக் குழாயில் ஊற்றாதீர்கள்.

30 சதவீதம் புரொப்பிலீன் கிளைகால் கலந்தால் சுமார் மைனஸ் 13 டிகிரி வரை தாங்கும். அதற்குக் கீழே போனாலும் ஒரேயடியாகக் கல்லாக உறையாது. முதலில் குழைந்த பனிக்கூழாக மாறும். அந்தக் கூழ் குழாயை வெடிக்க வைப்பது அரிது. மின்சாரம் வேண்டாம், அசையும் பாகம் எதுவும் இல்லை, ஒரு வாரம் கரண்ட் இல்லாவிட்டாலும் காக்கும். இதுதான் கிளைகாலின் பெருமை.

அதன் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கிளைகால் கலந்த நீர் தடித்தது. வெப்பத்தைச் சுமக்கும் திறனும் சற்றுக் குறைவு. அதே வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகப் பம்ப் கூடுதலாக உழைக்க வேண்டும். ஹீட் பம்பின் திறனும் ஓரளவு குறையும். ரேடியேட்டர்களையும் சேர்த்து ஒரு வீட்டின் சுற்றில் 100 லிட்டர் தண்ணீர் இருந்தால் 30 லிட்டர் கிளைகால் வேண்டும். இரண்டு மீட்டர் வெளிக்குழாயைக் காக்க வீடு முழுவதும் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அது காலப்போக்கில் கெட்டுப்போகும். கெட்ட கிளைகால் அமிலத்தன்மை பெற்று உலோகத்தை அரிக்கும். அதனால்தான் அரிப்புத் தடுப்பான் சேர்த்த வகையையே வாங்க வேண்டும், ஆண்டுதோறும் சர்வீஸின்போது அதன் செறிவையும் அமிலநிலையையும் சோதிக்க வேண்டும். செறிவை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி போதும், ஒரு துளி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அளவு குறைவாகக் கலப்பதும் தவறு. மிகக் குறைந்த செறிவில் அரிப்புத் தடுப்பானும் போதாது, கிருமிகளும் வளரும்.

நடைமுறையில் கிளைகாலைத் தோற்கடிப்பது ஒரு சிறிய விஷயம். அழுத்தம் குறைந்திருக்கிறதே என்று யாராவது வெறும் தண்ணீரைச் சேர்ப்பார்கள். அடுத்த ஆண்டு இன்னொருவர் சேர்ப்பார். மூன்றாவது குளிர்காலத்தில் 30 சதவீதம் 20 ஆகியிருக்கும். பெட்டியில் ஒட்டிய சீட்டில் மட்டும் 30 என்றே இருக்கும். கிளைகால் நிரப்பிய வீட்டில், ‘தண்ணீர் மட்டும் சேர்க்காதீர்கள்’ என்று அழுத்தமானிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

உறைகாப்பு வால்வு: இரண்டு சொட்டுத் தந்து காப்பது

இரண்டாவது வழி எதிர்த்திசையில் யோசிக்கிறது. தண்ணீரை மாற்ற வேண்டாம், உறையப்போகும் நேரத்தில் அதை வெளியே விட்டுவிடலாம் என்கிறது.

உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளை வால்வு அது. உள்ளே வெப்பத்துக்கேற்பச் சுருங்கி விரியும் ஒரு பொருள் இருக்கும். குழாயில் உள்ள தண்ணீர் சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் வால்வு தானே திறந்து ஒழுகவிடும். ஒழுகும்போது வீட்டுக்குள்ளிருந்து சற்றுச் சூடான தண்ணீர் அந்த இடத்துக்கு வரும். சுமார் 4 டிகிரி ஆனதும் மூடிக்கொள்ளும். மறுபடி ஆறினால் மறுபடி திறக்கும். இதற்கு மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

ஆனால் பொருத்துவதில் துல்லியம் வேண்டும். போகும் குழாய், வரும் குழாய் இரண்டிலும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது. வெளிக்குழாயின் மிகத் தாழ்ந்த இடத்தில், வாய் நேர்கீழே பார்க்கும்படி இருக்க வேண்டும். குழாய் முழுவதையும் சுற்றினாலும் வால்வின் உடலைச் சுற்றக் கூடாது. சுற்றினால் உண்மையான குளிர் அதற்குத் தெரியாமல் போய்விடும். தரையிலிருந்து குறைந்தது 15 செ.மீ. உயரம் வேண்டும். ஒழுகும் தண்ணீர் கீழே பனிக்கட்டியாகக் குவிந்து மேலே வளர்ந்து வாயை அடைத்துவிடக் கூடாது அல்லவா? நடைபாதையின் மேல் ஒழுகும்படியும் வைக்கக் கூடாது. காலையில் யாராவது வழுக்கி விழுவார்கள்.

வால்வு திறந்தால் சுற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்ததும் ஹீட் பம்ப் பழுதுக்குறி காட்டி நின்றுவிடும். மின்சாரம் வந்த பிறகு நீங்கள் நிரப்புக் குழாயைத் திறந்து, பொருத்தியவர் சொன்ன அளவுக்கு, வழக்கமாக 1 முதல் 1.5 பார் வரை, தண்ணீர் ஏற்ற வேண்டும். இதைச் செய்யும் முறையைக் குளிர்காலம் வருவதற்கு முன்பே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். அதிகமாக ஒழுகியிருந்தால் அரிப்புத் தடுப்பு மருந்தின் அளவும் குறைந்திருக்கும், அடுத்த சர்வீஸில் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

கோடையில் ஹீட் பம்பைக் குளிரூட்டவும் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த நீர் 3 டிகிரியை நெருங்கினால் வால்வு குளிர்காலம் வந்துவிட்டதாக நினைத்துத் திறந்துவிடும். அதற்காகவே வெளிக்காற்றின் வெப்பநிலையையும் பார்த்துத் திறக்கும் வகைகள் இருக்கின்றன.

இரண்டில் எது?

பொதுவாகச் சொன்னால், ஓரளவு மிதமான குளிர் உள்ள இடங்களில், ஆள் குடியிருக்கும் வீட்டில், வெளிக்குழாய் குறுகியதாக இருந்தால் வெறும் தண்ணீரும் உறைகாப்பு வால்வுகளும் நல்ல சேர்க்கை. அன்றாடத் திறன் குறையாது, கிளைகால் பராமரிப்பு இல்லை. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு, அடிக்கடி மின்சாரம் போகும் மலைக்கிராமம், நீண்ட வெளிக்குழாய் என்றால் கிளைகாலின் பக்கம் நியாயம் அதிகம். ஸ்காட்லாந்தின் பிரேமாரில் 1982 ஜனவரி 10 அன்று மைனஸ் 27.2 டிகிரி பதிவானது. பிரிட்டனின் மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். லண்டனுக்கான கணக்கு அங்கே செல்லாது. எங்கே இருந்தாலும் கடைசிச் சொல் தயாரிப்பாளரின் கையேட்டுக்கே. அதில் சொன்னதை மீறினால் வாரண்டி போய்விடலாம்.

இரண்டையும் ஒன்றாக வைக்க ஆசைப்படாதீர்கள். கிளைகால் உள்ள சுற்றில் வால்வு திறந்தால், காசு கொடுத்து ஊற்றிய கிளைகால் தோட்ட மண்ணில் போகும். மீதமுள்ளதைத் தண்ணீர் சேர்த்து நிரப்பினால் பாதுகாப்பே நீர்த்துவிடும்.

குழாயைச் சுற்றி மின்சூட்டுக் கம்பி ஓட்டும் வழியும் உண்டு. ஹீட் பம்பிலிருந்து சொட்டும் நீரைக் கொண்டுபோகும் வடிகால் குழாய்க்கு அது நல்லது. ஈரப்பதமான குளிரில் பெட்டியின் பின்பக்கம் உறைபனி படியும், இயந்திரம் அதை அவ்வப்போது உருக்கிக்கொள்ளும். அந்த நீர் வடியும் வழியில் உறைந்தால் தட்டில் பனிக்கட்டி குவிந்து விசிறியை உரசும். அதை இந்தக் கம்பி தடுக்கும். ஆனால் மின்வெட்டில் அதுவும் செத்த கம்பிதான். வெளிக்குழாயின் ஒரே காவலாக அதை நம்பக் கூடாது.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை

அக்டோபரில் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், வெளிப்பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். ரப்பர் உறை வெடித்திருக்கிறதா, எலியோ பறவையோ கொத்தியிருக்கிறதா, எங்காவது செம்பு தெரிகிறதா என்று பாருங்கள். உறைகாப்பு வால்வின் வாய்க்குக் கீழே இலையோ மண்ணோ குவிந்திருந்தால் அகற்றுங்கள். உள்ளே அழுத்தமானியைப் பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது தெர்மோஸ்டாட்டை 12, 15 டிகிரி போன்ற குறைந்த அளவில் வைத்துவிட்டுப் போங்கள். ஹீட் பம்பின் ஐசொலேட்டரை அணைக்காதீர்கள். வேறு எதையாவது அணைத்தே ஆக வேண்டும் என்றால், மின்பலகையில் ஹீட் பம்புக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் பம்புக்கும் உரிய சுவிட்சுகளில் ‘அணைக்காதே’ என்று சீட்டு ஒட்டிவிட்டு மற்றதை மட்டும் அணையுங்கள். சாவி வைத்திருக்கும் நண்பரிடம் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடுங்குளிரில் மின்சாரம் போனால் முதலில் பிரிட்டனில் 105 என்ற இலவச எண்ணை அழைத்து, எப்போது வரும் என்று கேளுங்கள். சில மணி நேரம் என்றால் நல்ல இன்சுலேஷனே தாங்கிக்கொள்ளும். உங்களிடம் கிளைகாலோ உறைகாப்பு வால்வோ இருந்தால் நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. வால்விலிருந்து தண்ணீர் ஒழுகினால் பயந்து துணி சுற்றி அடைக்காதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. இரண்டும் இல்லாத வீட்டில், நீண்ட மின்வெட்டு என்று தெரிந்தால், வீட்டுக்குள் உள்ள வால்வுகளை மூடி வெளிப்பகுதியின் தண்ணீரை வடித்துவிடுவதே வழி. எந்த வால்வை மூடுவது, எந்தத் திருகைத் திறப்பது என்பதைப் பொருத்தியவரிடம் முன்கூட்டியே கேட்டு, போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், விரல் விறைத்த நிலையில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

உறைந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் இயந்திரத்தை இயக்கிப் பார்க்காதீர்கள். கொதிநீர் ஊற்றாதீர்கள். தீப்பந்தமோ புளோ லாம்போ பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது, உள்ளே புரொப்பேன் இருக்கலாம். அணைத்துவிட்டு, பொருத்தியவரை அழைத்து, அவர் வந்து அழுத்தம் சோதித்த பிறகே இயக்குங்கள்.

புதிதாகப் பொருத்தப்போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்பு பொருத்துபவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘மைனஸ் 5 டிகிரியில் இரண்டு நாள் கரண்ட் இல்லையென்றால் இந்த வெளிக்குழாயை எது காக்கும்?’ நல்ல பொருத்துநர் வால்வையோ கிளைகாலையோ காட்டி உடனே பதில் சொல்வார். ‘இயந்திரத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது, கவலைப்படாதீர்கள்’ என்பது அந்தக் கேள்விக்குப் பதில் அல்ல.

டாக்சி வாசலில் நிற்கட்டும். அடுப்பைப் பாருங்கள், ஜன்னலைத் தாழிடுங்கள், தெர்மோஸ்டாட்டை இறக்கி வையுங்கள். மெயின் சுவிட்ச் மட்டும் அப்படியே இருக்கட்டும். வெளியே அந்தப் பெட்டி, நீங்கள் இல்லாத வீட்டிலும், தன் தண்ணீரைத் தானே காத்துக்கொண்டிருக்கும்.